போட்டோவுக்கு முதுகு உண்டா?

நடுவர் அவர்களே, இந்தப் புழுக்கத்திலும் விசிறியபடி உட்கார்ந்திருக்கும் வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

'போட்டோவைச் சிலையாக்குவது நினைவைக் காக்கவா, ஆடம்பரத்துக்கா?' என்பது தலைப்பு. நினைவைக் காக்கத்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, "கல்யாண மேடையில் இறந்துபோன அப்பாவைச் சிலிகான் சிலையாக உட்கார வைக்கிறார்களே, இது என்ன கூத்து?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்தச் சிலை செய்பவர் வீட்டாரிடம் என்ன கேட்பார்? பக்கவாட்டு முகம். உடனே மகன், மகள், மருமகன் எல்லோரும் போனைத் துழாவுவார்கள். ஆயிரக்கணக்கில் படம் இருக்கும். எல்லாம் நேராகப் பார்த்துச் சிரிக்கிற முகம். அப்பாவின் காது எப்படி மடங்கியிருந்தது, பிடரி முடி எங்கே நின்றது, ஒருவருக்கும் தெரியாது. எடுத்துத் தள்ளினோமே தவிர, அந்த மனிதரைச் சுற்றிவந்து பார்த்தோமா? சிலை என்று வந்த பிறகுதான் அது உறைக்கிறது.

இது நேற்று வந்த பைத்தியமும் இல்லை. 1860களிலேயே பாரிஸில் ஃபிரான்சுவா வில்லெம் என்பவர் ஆளை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் 24 கேமரா வைத்துப் படமெடுத்தார். அந்தப் படங்களின் வெளிக்கோட்டை ஒட்டிக் களிமண்ணில் உருவம் எடுத்தார். இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. சுற்றிச் சுற்றி எடுத்த படங்களில் ஒரே புள்ளி எங்கெங்கே தெரிகிறது என்று பொருத்தி உருவத்தைக் கட்டுகிறது. நம் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணில் பாய்கிற குதிரையை இப்படிப் பிடிக்கப் பாருங்கள். குனிந்து வயிற்றடியை எடுக்காவிட்டால் அந்த இடம் ஓட்டையாக வரும். கல் பளபளக்கிற இடம் கோணல்மாணலாகும். செல்ஃபியில் ஏமாற்றலாம், இதில் முடியாது.

உளி பிடித்த கை இதில் இல்லை என்றார் எதிரணி அம்மா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிரியாவில் பல்மைரா என்கிற பழங்கால நகரத்தின் கல் வளைவை 2015-இல் தகர்த்தபோது, அது முழுசாக மிஞ்சியது போட்டோவில்தான். அதை வைத்து மெஷினில் பளிங்கைச் செதுக்கி, சிறிய அளவில் ஒரு வளைவை 2016-இல் லண்டனில் நிறுத்தினார்கள்.

"படமே போதாதா?" என்றும் கேட்டார். இந்த ஊரில் நின்று கேட்கிற கேள்வியா அம்மா இது? கோட்டைக் கோயில் நூற்றாண்டுக்கணக்கில் மூலவர் இல்லாமல் கிடந்தது. சுவரில் ஒரு படத்தை மாட்டிவிட்டு இந்த ஊர் சும்மா இருந்ததா? 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகுதானே மனசு ஆறியது!