பாட்டி பின்னாடியே போய் பொலிவியாவுக்குள்ள நுழைஞ்சுட்டேன்

வணக்கம் மக்களே, காத்து சத்தம் ஜாஸ்தியா கேட்டா மன்னிச்சுக்கோங்க, இப்போ நான் டிட்டிகாகா ஏரிக்கரையில டிக்கினாங்கற இடத்துல நிக்கிறேன், அதோ பலகைத் தெப்பத்துல ஒரு பஸ் ஆடி ஆடி வருது பாருங்க, என் பேக் அதுக்குள்ளதான் இருக்கு. நான் மட்டும் சின்ன போட்ல முன்னாடியே வந்துட்டேன். அது ஏன்னு சொல்றேன், மொதல்ல காலைல நடந்த கூத்து.

பெருல பூனோலேருந்து டூரிஸ்ட் பஸ் புடிச்சா பார்டர்ல எறக்கி, எந்த ஜன்னல்ல நிக்கணும்னு காட்டி, திரும்ப ஏத்திக்கிட்டு பொலிவியா பக்கம் இருக்கற கோபகபானா ஊர் வரை கொண்டு விட்டுடுவான். நமக்குத்தான் அது ஒத்து வராதே! லோக்கல் வண்டி நிக்கிற டெர்மினல் ஸோனாலுக்குப் போனேன், "யுங்குயோ யுங்குயோ யுங்குயோ"ன்னு பார்டர்கிட்ட இருக்கற ஊர் பேரைச் சொல்லி ஒரே கூவல், டைம் டேபிள்லாம் கெடையாது, வேன் ரொம்பினா எடுப்பாங்க, அவ்ளோதான். ஹுலி, பொமாட்டான்னு ஏரியை ஒட்டியே ஒரு ரெண்டரை மணி நேரம். எனக்குப் பக்கத்துல ஒரு பாட்டி, தலையில குட்டியா வட்டத் தொப்பி, முதுகுல கலர் கலரா அகுவாயோத் துணி மூட்டை. என் ஸ்பானிஷ் அவங்களுக்குப் புரியல, அவங்க ஐமாரா எனக்குப் புரியல, ஆனா வறுத்த சோளம் மட்டும் கைநிறைய குடுத்துக்கிட்டே வந்தாங்க.

யுங்குயோல எறங்குனா பார்டர் இன்னும் ஒரு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, கசானில இருக்கு. அதுக்கு மோட்டோடாக்ஸி. பாத்தா நம்ம பஜாஜ் ஆட்டோ மக்களே! இங்க அதுக்கு டோரிட்டோன்னு பேரு, குட்டிக் காளையாம். பாட்டியும் நானும் ஷேர் பண்ணிக்கிட்டோம்.

இங்கதான் சொதப்புனேன். பாட்டி எறங்குனாங்க, மூட்டையைச் சரி பண்ணாங்க, மேட்டுல விறுவிறுன்னு நடந்தாங்க, நானும் பின்னாடியே போனேன், எல்லையில கட்டியிருக்கற ஒரு கல் வளைவைத் தாண்டினோம், யாரும் நிறுத்தல, கேக்கல, பாட்டி டாட்டா காட்டிட்டு அவங்க வழிக்குப் போயிட்டாங்க. அட இவ்ளோ ஈஸியான்னு பொலிவியா கவுன்ட்டர்ல பாஸ்போர்ட்டை நீட்டுனா, ஆபீசர் நிமிந்து பாத்து, "பெருலேருந்து நீங்க வெளியவே வரலியே?"ங்கறாரு. அந்த ஊர்க்காரங்களுக்கு இந்தக் கோடெல்லாம் அடுத்த தெருவுக்குப் போற மாதிரி, ரெண்டு பக்கமும் அதே ஐமாரா ஜனம், அதே சந்தை. நமக்கு அப்படியா? திரும்ப எறங்கி, பெரு ஆபீஸ்ல எக்ஸிட் போட்டுட்டு, திரும்ப அதே மேடு. ஏரியே 3,812 மீட்டர் உயரத்துல இருக்கு, பத்து அடிக்கு ஒரு தடவை நின்னு மூச்சு வாங்குனேன், வெக்கமா போச்சு.

லோக்கல்ல வர்றீங்கன்னா மொதல்ல பெரு ஆபீஸ், அப்புறந்தான் வளைவு, இதை மறந்துடாதீங்க. இந்தியன் பாஸ்போர்ட்காரங்க பொலிவியா வீசா ரூலை கிளம்புறதுக்கு முன்னாடியே செக் பண்ணிக்கோங்க, நான் வாங்கிட்டுதான் வந்தேன். மிச்சம் இருந்த பெரு காசை (சோல்) அங்கயே பொலிவியா காசா (பொலிவியானோ) மாத்திக்கிட்டேன். இன்னொன்னு, வளைவைத் தாண்டினா மணி ஒரு மணி நேரம் முன்னாடி ஓடிடும், என் போன் பழைய டைமையே காட்டிக்கிட்டிருந்ததால கோபகபானாவுல சாப்பிட உக்காந்தவன் பாதில எந்திரிச்சு ஓடி லா பாஸ் பஸ்ஸைப் புடிச்சேன். கோபகபானான்னதும் பிரேசில் பீச் ஞாபகம் வருதா? ரியோல இருக்கற அந்த பீச்சுக்கே இந்தப் பேரு இங்க இருக்கற மாதா கோயில்லேருந்துதான் போச்சு.

சரி, போட்டும் தெப்பமும் ஏன்னு சொல்றேன்னேன்ல. கோபகபானா இருக்கற நிலம் பெருவோடதான் ஒட்டியிருக்கு, மிச்ச பொலிவியாவோட ஒட்டல. சொந்த நாட்டுக்குள்ள போகவே தண்ணியைத் தாண்டணும். ஆளுங்களுக்கு போட், தனி டிக்கெட், பஸ்ஸுக்குத் தெப்பம். அங்க யூனிஃபார்ம் போட்டு நிக்கறவங்க நேவி. 1879ல ஆரம்பிச்ச போர்ல சிலிகிட்ட கடற்கரை மொத்தத்தையும் விட்டுட்ட நாடு, ஆனா கடற்படை உண்டு, இந்த ஏரியில வச்சிருக்காங்க. எனக்கென்னவோ இதைக் கேட்டுச் சிரிக்கத் தோணல.

ஆங், தெப்பம் கரை சேந்துடுச்சு. பின்னாடியே இன்னும் ரெண்டு வருது... ஒரு நிமிஷம், மூணும் ஒரே மாதிரி இருக்கே, இதுல எது நம்ம பஸ்?