ஆச்சி எடுத்துக் கொடுத்த அடி

தலைவர் ஐயா அவர்களே, கண்ணகி அம்மன் கோவில் பொங்கல் அலுவல்களுக்கு நடுவிலும் வற்றாப்பளையிலிருந்து வந்திருக்கும் பூசகர் ஐயா அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, இந்த வெயிலில் புதுக்குடியிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்த, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அவர்களே, கதிரை போதாமல் பின்னால் நிற்கும் தாய்மாரே, பிள்ளைகளே, வணக்கம். மண்டபத்தைத் தந்த அதிபருக்கும் தேத்தண்ணீர் தந்த மாதர் சங்கத்தினருக்கும் நன்றி.

மூன்று விடயம் பேச வந்தேன். கோவலன் கூத்துப் பாட்டு, பொங்கலன்று முழங்கும் பறை, இரண்டையும் கணினியில் காப்பது.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று என் அப்பு அடிக்கடி சொல்வார். 2009 இடப்பெயர்வில் கூத்துக் கொப்பிகள் எத்தனையோ போயின. திரும்பி வந்து ஞாபகத்திலிருந்து எழுதினோம். சொல் வந்தது, பாட்டின் இழுவை வரவில்லை.

முள்ளியவளையில் ஒரு முதியவரிடம் கைபேசியோடு போயிருந்தேன். அந்தக் காலத்தில் கோவலனாக ஆடியவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு அடி பாடினார், நின்றுவிட்டார். “தம்பி, மத்தளம் இல்லாமல் எனக்குச் சொல் வராது” என்றார். மத்தளத்துக்கு எங்கே போவது? பேரப்பிள்ளை ஒரு வெறும் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கொண்டுவந்து தட்டினான். அப்பவும் வரவில்லை. அந்த நேரம் அடுப்படியிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது. அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார்! அதற்கடுத்த அடியையும். ஒருநாளும் மேடை ஏறாத மனுசி. புருசன் ஒத்திகை பார்த்த இரவுகளில் சோறு ஆக்கிக்கொண்டே கேட்டிருக்கிறார், முழுக்கூத்தும் தொண்டையில் இருந்தது. அப்புறம் இரண்டு பேரும் மாறி மாறிப் பாடினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரியாக அந்த நேரம் கைபேசிக்கு அழைப்பு வந்து பதிவு நின்றுபோனது. “இன்னொருக்காப் பாடுங்கோ ஆச்சி” என்றேன். “அது தானா வந்தது மோனை” என்றார்.

பிள்ளைகளே, பதிவு செய்யப் போகும்போது முதலில் விமானப் பயன்முறையைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி சுருங்கிப் பறையின் அதிர்வே செத்துப்போகும். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக எடுங்கள். ஒரு நிமிடத்துக்கு 10 எம்பி அளவில் வரும், விடிய விடிய எட்டு மணி நேரம் ஆடும் கூத்துக்கு 5 ஜிபி போதும். யார் பாடினார், எந்த ஊர், எந்த நாள் என்பதையும் கோப்போடு எழுதி வையுங்கள். 2005 இல் தொடங்கிய நூலக நிறுவனம் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. நம் ஆச்சிமாரின் குரலும் அங்கே போகவேண்டும்.

பறையைப் பற்றி அண்ணாவியார் பேசுவதுதான் பொருத்தம், அவருக்கே விடுகிறேன்.

நான் மன்றாடிக் கேட்பது ஒன்று. நம் வாசிகசாலையின் பின் அறை பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து, சுவருக்குப் பழைய சாக்குத் தைத்து, ஒரு நல்ல ஒலிவாங்கியும் கணினியும் வைத்துத் தாருங்கள். மத்தளம் ஒன்றும் அங்கேயே இருக்கட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது ஐயா, பாட்டுப் புத்தகம் அச்சடிக்க ஒதுக்கிய காசை இதற்குக் கொடுங்கள். பொங்கலன்று பாட்டு நடக்கும் நேரமாவது, பக்கத்துக் கடைகளின் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லுங்கள்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வீட்டில் பாடத் தெரிந்த பெரியவர் இருந்தால் அவர் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். வெள்ளிக்கிழமையே வருவோம்.