180 ரூபாய் பெல்ட்டும் 1988-ம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மின்விசிறிச் சத்தம் கேட்காது. போன வீடியோவில் அதற்காக அத்தனை பேர் திட்டியிருந்தீர்கள், அணைத்துவிட்டேன். வியர்த்துக்கொண்டே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோ பாருங்கள், ஓடுகிறது! கண்ணாடி வழியாகத் தெரிகிறதா? இரண்டு சக்கரமும் சுற்றுகிறது. தூத்துக்குடி வீட்டுப் பரணிலிருந்து நான் தூக்கி வந்த டேப் ரெக்கார்டர். இரண்டு மாதமாக "எப்போது பாடும், எப்போது பாடும்" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இப்போது வரிசையாக வந்து மன்னிப்புக் கேட்கலாம்.

முதலில் பெல்ட் கதை. இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. உள்ளே மோட்டாரையும் பெரிய சக்கரத்தையும் இணைக்க ஒரு ரப்பர் பெல்ட் உண்டு. 30 வருஷம் சும்மா கிடந்ததில் அது உருகித் தார் மாதிரி ஆகியிருந்தது. தொட்டால் விரலில் கறுப்பு. சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. என் சட்டை, மேசை விரிப்பு, வீட்டுக்காரியின் பொறுமை, எல்லாம் போனது. இணையத்தில் தேடினால் அந்த ஒரு பெல்ட் 450 ரூபாய், அனுப்ப 90. ஒரு ரப்பர் வளையத்துக்கு 540 ரூபாயா? நியாயமா சொல்லுங்கள்! காய்கறிக் கடையில் கட்டுக்குப் போடுகிற ரப்பர் பேண்டைக்கூட மாட்டிப் பார்த்தேன். பாடியது. ஆனால் பாடகர் மூன்று நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி இழுத்தார். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் ஆண் குரல் பூதமாகிவிடும்.

சரி என்று சென்னையில் மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். ஐந்து கடையில் "அதெல்லாம் இப்ப யார் சார் வெச்சிருக்கா" என்றார்கள். ஆறாவது கடையில் ஒரு பெரியவர், ஒன்றுமே பேசாமல் பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசையில் கொட்டினார். முழுக்க பெல்ட்! பழைய பெல்ட்டின் அளவு கேட்டார். எங்கே இருக்கிறது, அதுதான் தாராகிவிட்டதே. நூலைச் சுற்றி எடுத்த அளவைக் காட்டினேன். இரண்டு விரலில் இழுத்துப் பார்த்து ஒன்றைக் கொடுத்தார். 250 சொன்னார், நான் 150 கேட்டேன், 180-க்கு முடிந்தது. 360 ரூபாய் மிச்சம் மக்களே. மெட்ரோ டிக்கெட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. பெல்ட் மாட்டியதும் உடனே கேசட்டைப் போட்டுவிடவில்லை. யாரும் அப்படிச் செய்யாதீர்கள். நாடாவைப் படிக்கிற ஹெட்டையும், நாடாவை அழுத்தி இழுக்கிற ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். நாடாவில் வெள்ளையாகப் பூசணம் இருந்தால் மெஷினில் போடவே கூடாது, அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். என்னிடம் இருந்த 11 கேசட்டில் 7 போச்சு. உப்புக்காற்று. மிச்சம் 4.

இப்போது ஏன் இந்தப் பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். போன வாரம் என் போன் ஒரு அறிக்கை கொடுத்தது: நாள் ஒன்றுக்கு 6 மணி 40 நிமிடம் என்னைப் பார்த்திருக்கிறாய் என்று. அதில் பாதி அலுவலக வாட்ஸாப் குரூப். ஆள் குறைப்பு வரும் என்று ஒருவர் போடுவார், வராது என்று இன்னொருவர் போடுவார், நான் ராத்திரி 2 மணிக்கு எழுந்து இரண்டையும் படிப்பேன். வீட்டுக் கடன் இன்னும் 9 வருஷம். அப்போதெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். ஏதாவது ஒரு பெட்டிக்குள் ஏறி 1988-ல் இறங்கிவிட வேண்டும். ஒன்பது வயது. கையில் ஐஸ். ரேடியோவில் பாட்டு.

இந்தப் பழைய நாள் ஏக்கத்துக்கு நாஸ்டால்ஜியா என்று பெயர் வைத்ததே ஒரு மருத்துவர்தான், தெரியுமா? ஜொஹானஸ் ஹோஃபர், 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில், ஊரை விட்டு வந்தவர்களுக்கு வருகிற வியாதி என்று ஆய்வேடே எழுதினார். வியாதி! வீட்டுக்காரியிடம் சொன்னேன், அப்படியென்றால் மெடிக்கல் லீவு போடு என்கிறாள்.

சரி, கேசட்டுக்கு வருவோம். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். கடையில் காசு கொடுத்துப் பாட்டுப் பதிய வசதி இல்லாதவர்கள், ரேடியோவுக்கு எதிரே டேப்பை வைத்து, பிளே, ரெக்கார்டு இரண்டையும் சேர்த்து அமுக்குவோம். அதுவும் பழைய பக்திப்பாடல் கேசட்டில். மேலே பதியாமல் தடுக்க ஓரத்துப் பிளாஸ்டிக் காதை உடைத்திருப்பார்கள், அந்த ஓட்டையில் காகிதம் திணித்தால் பதியும். எங்கள் வீட்டில் இலங்கை வானொலிதான். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து அப்படித் தெளிவாகக் கேட்கும். 1952 வாக்கில் கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்தபோது நம் வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்ட, ஜனங்கள் கொழும்புப் பக்கம் திரும்பிவிட்டார்கள். 1957-ல் சினிமாப் பாட்டுப் போட நம் வானொலியே விவித் பாரதியைத் தொடங்கிய பிறகும் எங்கள் அப்பா முள்ளைத் திருப்பவில்லை.

டேப்பில் இருப்பது உள்மைக். அறையில் யார் இருமினாலும் பதியும். அதனால் பாட்டு முடிகிறவரை யாரும் பேசக்கூடாது என்பது என் சட்டம்.

நேற்று ராத்திரி போட்டேன். இரைச்சல், மழை மாதிரி. பாட்டு ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டேன், 1988 வந்தேவிட்டது. இரண்டாவது சரணத்தில் அம்மாவின் குரல்.

"சீட்டுக்காரர் ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாரு. இன்னிக்கும் என்ன சொல்ல?"

அப்பா: "வெள்ளிக்கிழமை தாரேன்னு சொல்லு."

"போன வெள்ளியும் இதத்தான சொன்னிய."

அப்புறம் என் குரல், கீச்சென்று: "அம்மா, பதியுது!" அவ்வளவுதான், இருவரும் அமைதி. பாட்டு மட்டும் ஓடுகிறது.

நான் நிறுத்திவிட்டேன். அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் பாத்தியெல்லாம் தண்ணீர், உப்பு வாருவது நின்றுவிடும், சம்பளமும் அப்படித்தான். அது எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு மழை என்றால் பள்ளிக்கூடம் லீவு.

காலையில் அம்மாவுக்குப் போன் போட்டேன். இது என்ன சீட்டு என்று கேட்டேன். நினைவு வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அந்த டேப் வாங்கத்தாம்ல சீட்டு எடுத்தோம். நீ கேட்டு அழுத. பாட்டுப் பொட்டி வந்து எட்டு மாசம் ஆகியும் தவணை முடியல."

சிரிக்காதீர்கள். நான் இ.எம்.ஐ.யை மறக்க ஏறிய வண்டியே இ.எம்.ஐ.யில் வாங்கினது! அப்பா இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டிருப்பேன். அம்மாவுக்கு அது மட்டும் நினைவில்லை. "எப்படியோ கட்டிட்டாரு" என்றாள். பிறகு கத்தரிக்காய் விலையைப் பேசத் தொடங்கிவிட்டாள்.

பி பக்கம் இன்னும் கேட்கவில்லை. பயமெல்லாம் இல்லை, பெல்ட் சூடானதும் லேசாக வழுக்குகிறது. 180 ரூபாய் பெல்ட் அப்படித்தான் என்று யாரும் கீழே எழுத வேண்டாம், எனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை பெரியவர் கடைக்கு மறுபடி போகிறேன். பிஸ்கட் டப்பாவைப் படம் பிடிக்க விடுவாரா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

அய்யோ, ஃபேனைப் போடுகிறேன், முடியவில்லை. வரட்டுமா?