மைக்கைப் பிடிச்சவன் மெஷினை எதிர்க்கலாமா?

நடுவர் அவர்களுக்கும் காசிமேட்டு மக்களுக்கும் வணக்கம். புதுத் தொழில்நுட்பத்தை எதிர்ப்பது அறியாமையா, அறிவா? அறிவுதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் கேட்டார்: "மைக்கைப் பிடிச்சுக்கிட்டு மெஷினை எதிர்க்கிறியே, 1811-ல இங்கிலாந்துல தறியை உடைச்ச லுட்டைட்டுங்களுக்கு நீ பேரனா?" நல்ல கைத்தட்டு. அண்ணே, கதையைப் பாதியில விட்டுட்டீங்க!

காலுறை பின்னுற அந்தத் தறி 1589-லயே வந்துடுச்சு. உடைச்சவங்க 200 வருஷமா அதுலதான் சோறு தின்னாங்க. அப்புறம் என்ன கோபம்? முறையா பின்னினா கணுக்கால்கிட்ட கண்ணியைக் குறைச்சு, ஓரம் அவிழாம முடிக்கணும். முதலாளிங்க சிலர் அகலத் தறியில துணியா பின்னி, கால் அளவுக்கு வெட்டித் தச்சு வித்தாங்க. பின்னலை வெட்டினா என்ன ஆகும்? ஒரு கண்ணி விட்டா வரிசையா அவிழும். கெட்ட பேரு யாருக்கு? பின்னினவனுக்கு! அந்தத் தறியைத்தான் தேடித் தேடி உடைச்சான்.

இன்னும் கேளுங்க. அதே இங்கிலாந்துல யார்க்‌ஷயர்ல கம்பளித் துணிமேல நிக்கிற பிசிறைக் கையால கத்தரிப்பாங்க. கத்தரியே ஏறக்குறைய 20 கிலோ. அந்த வேலைக்கு மெஷின் செஞ்ச கொல்லர் பேரு ஈனாக் டெய்லர். மெஷினை உடைக்கச் சம்மட்டி வேணுமே, அது யார் பட்டறைச் சரக்கு? அதே ஈனாக்! சம்மட்டிக்குப் பேரே ஈனாக்! காலையில மெஷினுக்குக் காசு, சாயங்காலம் சம்மட்டிக்குக் காசு. நடுவர் அவர்களே, இந்த வியாபாரம் தெரிஞ்சவர் எதிரணியில ஒருத்தராவது உண்டா?

இப்ப நம்ம வார்ப்புக்கு, அதான் மீன்பிடித் துறைமுகத்துக்கு வாங்க. போட்ல ஜிபிஎஸ் வேணாம்னு யாராவது சொன்னாங்களா? மீன் பார்க்கிற எக்கோ சவுண்டரை? ஆனா சுருக்குமடி வலையை வேணாம்னு சொன்ன மீனவர் எத்தனை பேர்! மீன் கூட்டத்தைச் சுத்தி வலையை விட்டு, அடியில இருக்கிற வளையம் வழியா கயித்தை இழுத்தா அடிப்பக்கம் மூடிக்கும். கூட்டத்தோட மொத்தமும் உள்ளே. 2000-ல அரசே தடை போட்டுச்சு. கருவியைக் கையாளத் தெரிஞ்சவன்தான், எது கரைக்குச் சோறு, எது கடலுக்குச் சுருக்குன்னு பிரிச்சுச் சொன்னான்.

அண்ணன் சிரிச்ச அந்த லுட்டைட்டுங்க கதை எப்படி முடிஞ்சுது தெரியுமா? 1812-ல தறி உடைச்சா தூக்குன்னு சட்டமே வந்துச்சு. 1813 ஜனவரியில யார்க்ல மட்டும் 17 பேரைத் தூக்குல போட்டாங்க. 17 வீட்டு அடுப்பு, அண்ணே. புருஷனைக் கயித்துல பார்த்த பொண்டாட்டி முன்னாடி நின்னு "அறியாமை"ன்னு சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வரலை. தீர்ப்பை நீங்க சொல்லுங்க, நடுவர் அவர்களே.