கேரவனை இழுக்குறதுக்கு முன்னாடி

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் லீவு வரப்போகுது, இந்த தடவை ஹோட்டல் வேணாம், கேரவன்னு காருக்கு பின்னாடி கட்டி இழுக்குற சக்கர வீடு ஒண்ண வாடகைக்கு எடுத்துட்டு குடும்பத்தோட போயிட்டு வரலாமான்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்கறாங்களாம், அதப்பத்தி பேசத்தான் கூப்பிட்டிருக்காங்க. மெல்பர்ன்ல இருந்து கிளம்புற குடும்பத்த மனசுல வச்சு சொல்றேன், மத்தவங்க ஊர் பேர மட்டும் மாத்திக்குங்க.

நான் பாத்த வரைக்கும் கேரவன் ட்ரிப்ல வீட்டுக்காரருக்கும் வீட்டம்மாவுக்கும் சண்டை வர்றது ரெண்டு காரணத்தால. ஒண்ணு ஒரு நாள்ல ஓட்டுற தூரம், இன்னொண்ணு உள்ள ஏத்துற சாமான். மத்ததெல்லாம் சமாளிச்சுக்கலாம்.

தூரத்த மொதல்ல பாப்போம். ஃபோன் மேப் காட்டுற நேரம் வெறும் காருக்கு, பின்னாடி ரெண்டு டன்ன கட்டிக்கிட்டு போறவங்களுக்கு இல்ல. ஏத்தத்துல வண்டி திணறும், பெட்ரோல் குடிச்சு தள்ளும், நடுவுல சின்னவனுக்கு பாத்ரூம் வரும், பெரியவளுக்கு பசிக்கும். அதனால ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் போதும், மதியம் 3 மணிக்குள்ள கேரவன் பார்க்குக்குள்ள, அதாவது ராத்திரி கேரவன நிறுத்தி தங்குற எடத்துக்குள்ள, போயிடணும். இருட்டுற நேரத்துலயும் விடியற நேரத்துலயும் கங்காரு எந்த பக்கத்துல இருந்து குதிக்கும்னே தெரியாது. அதுவுமில்லாம இருட்டுல டார்ச் புடிச்சுக்கிட்டு கேரவன லெவல் பண்ணி பாருங்க, புருஷன் பொண்டாட்டி பொறுமை எவ்வளவுன்னு அப்ப தெரியும்.

எல்லாரும் மொத தடவையே கடலோரமா போற கிரேட் ஓஷன் ரோடுன்னு நிக்கறாங்க. அருமையான ரோடுதான், முதல் உலகப்போர்ல இருந்து திரும்பி வந்த சிப்பாய்ங்க 1919ல ஆரம்பிச்சு 1932 வரைக்கும் மலைய வெட்டி போட்டது. ஆனா லோர்ன்ல இருந்து அப்பல்லோ பே வரைக்கும் ஒரே வளைவு, ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் கடல், புதுசா இழுக்குறவருக்கு கை நடுங்கும், பக்கத்து சீட்டுல இருக்கறவங்களுக்கு கடல பாக்கவே தோணாது. அதுக்கு பதிலா உள்நாட்டு வழியா பிரின்சஸ் ஹைவேயில போயி, போர்ட் கேம்ப்பெல்ல கேரவன நிறுத்திட்டு, கடலுக்குள்ள தூண் மாதிரி நிக்கற ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ் பாறைங்கள பாக்க கார்ல மட்டும் போங்க. இல்லன்னா மொத ட்ரிப்ப எச்சூக்காவுக்கு வச்சுக்குங்க, சுமார் 220 கிலோமீட்டர்தான், ரோடு பெரும்பாலும் சமதளம், மர்ரே ஆத்துல நீராவியில ஓடுற பழைய பேடில் போட்ல பசங்கள ஏத்தி விடலாம்.

இப்ப சாமான். கேரவன்ல ஒரு தகடு இருக்கும், அதுல டேர்னு போட்டிருக்கறது காலி வண்டியோட எடை, ஏடிஎம்னு போட்டிருக்கறது எல்லாம் ஏத்தின பிறகு இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. ரெண்டுக்கும் நடுவுல 400 கிலோ இருக்குன்னு வைங்க, ஆஹா 400 கிலோவான்னு தோணும். ரெண்டு தண்ணி டேங்க்கையும் ரொப்பினா அதுலயே 160, 170 கிலோ போச்சு. கேஸ் சிலிண்டர், நாற்காலி, சைக்கிள், அதுக்கு மேல நம்ம அரிசி மூட்டை, குக்கர், சில வீட்டுல வெட் கிரைண்டரே வருது. தயவுசெஞ்சு கிரைண்டர விட்டுட்டு வாங்க, மாவு கடையில கெடைக்கும். பார்க்குல குழாய் இருக்கும், குடிக்க மட்டும் தண்ணி கொண்டு போனா போதும்.

எவ்வளவு ஏத்துறோம்ங்கறது மாதிரியே எங்க வைக்கறோம்ங்கறதும் முக்கியம். கனமானது எல்லாம் சக்கரத்துக்கு மேல, தரையோட தரையா இருக்கணும். டோ பால், அதாவது கார் பின்னாடி கேரவன மாட்டுற உருண்டை, அது மேல கேரவனோட மொத்த எடையில ஒரு 10 சதவீதம் உக்காரணும். பின்னாடி கனத்த போட்டா ஹைவேயில ஒரு லாரி தாண்டும்போது கேரவன் வால ஆட்ட ஆரம்பிக்கும், அப்ப பதறி கார் பிரேக்க அமுக்காதீங்க, ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு, டேஷ்போர்டுல இருக்கற கன்ட்ரோலர்ல கேரவன் பிரேக்க மட்டும் மெதுவா புடிங்க. அந்த பட்டன் எங்க இருக்குன்னு வாடகைக்கு குடுக்கறவர்கிட்ட கேட்டு, தொட்டு பாத்துட்டு கிளம்புங்க. ஓடும்போது கேஸ் மூடியிருக்கணும். பசங்க உள்ள படுத்துட்டு வரட்டுமேன்னு பாட்டி சொல்வாங்க, ஓடுற கேரவன்ல ஆள் இருக்கறது சட்டப்படி தப்பு, முடியவே முடியாது.

பார்க்குல பவர் சைட்ல, அதாவது கரண்ட் இருக்கற எடத்துல, 15 ஆம்ப் லைன் வரும், கிட்டத்தட்ட 3,400 வாட். ஏசி ஓடுது, இன்டக்‌ஷன்ல சாம்பார் கொதிக்குது, அத்தை காபிக்கு கெட்டில போடறாங்க, டப்புனு எல்லாம் நின்னுடும். ஒண்ண நிறுத்திட்டுதான் ஒண்ணு. தாளிக்கறத மட்டும் உள்ள வச்சுக்காதீங்க, காஞ்ச மிளகா நெடி மெத்தையில ஏறினா ட்ரிப் முடியற வரைக்கும் போகாது, அலாரமும் கத்தும். பார்க்குல எல்லாருக்கும் பொதுவா இருக்கற கேம்ப் கிச்சன்ல செய்ங்க, பக்கத்து கேரவன் ஆளுங்க என்ன வாசனைன்னு கேட்டுக்கிட்டு வருவாங்க, பசங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ் கெடைச்சிடுவாங்க.

ரிவர்ஸ் எடுக்கறதுக்கு "ஏங்க லெஃப்ட்டு, லெஃப்ட்டு"ன்னு பின்னாடி நின்னு கத்தினா அவருக்கு கேக்காது, யாரோட லெஃப்ட்டுன்னும் புரியாது. ஃபோன்ல கால் போட்டு ஸ்பீக்கர்ல பேசுங்க, "டிரைவர் பக்கம்"னு சொல்லுங்க. கண்ணாடியில ஆள் தெரியலன்னா அவரு அங்கயே நிறுத்திடணும்.

கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்கு கடற்கரை பார்க்குல எடம் ரொம்ப முன்னாடியே போயிடும், வருஷா வருஷம் வர்றவங்களே புடிச்சு வச்சிருப்பாங்க. ஸ்கூல் லீவு இல்லாத ஒரு லாங் வீக்கெண்ட்ல மொதல்ல போய் பழகிக்குங்க.

மில்துராவுல இருந்து சவுத் ஆஸ்திரேலியா பக்கம் போறவங்களுக்கு மட்டும் ஒண்ணு. ரென்மார்க்குக்கு முன்னாடி யாம்பான்னு ஒரு செக்கிங் இருக்கு, பழ ஈ வந்துடக்கூடாதுன்னு ஃப்ரிட்ஜ திறந்து பாப்பாங்க. மாம்பழம் வாழைப்பழம் மட்டும் இல்ல, தக்காளி, கத்திரிக்கா, பச்சமிளகா எல்லாத்தையும் எடுத்துக்குவாங்க, அங்கயே ஃபைனும் போடலாம். அதனால மொத நாள் ராத்திரியே இருக்கறத எல்லாம் போட்டு ஒரு குழம்பு வச்சிடுங்க, மிளகாய ரென்மார்க் கடையில வாங்கிக்கலாம்.