விலை பேசும் நாளிலேயே முடிவாகும் குப்பை

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கவிருக்கும் வேளையில், சூழலுக்குக் கேடில்லாத கொண்டாட்டங்கள் என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுச் சமையல் ஒப்பந்தக்காரரைத் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் சிலராவது இங்கே இருப்பீர்கள். எனவே புவி வெப்பம், கடல் மட்டம் என்று தொலைவிலிருந்து தொடங்காமல், அந்த ஒப்பந்தக்காரரோடு நீங்கள் பேசப்போகும் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு திருமணத்தில் எவ்வளவு குப்பை சேரும் என்பது, இலைக்கு இத்தனை ரூபாய் என்று விலை பேசி முடிக்கும் அந்த அரை மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. தண்ணீர் பாட்டிலில் வருமா டம்ளரில் வருமா, மேசையில் விரிப்பு உண்டா, காப்பியை எதில் கொடுப்பார்கள், தாம்பூலம் எந்தப் பையில் போகும் என்று நாம் கேட்பதில்லை. கேட்காதபோது அவர் தமக்கு எளிதானதைச் செய்கிறார். கழுவ ஆள் வைப்பதைவிட எறிவது அவருக்கு மலிவு. ஆகவே அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. எறிந்த பிறகு ஆகும் செலவு அவர் கணக்கிலும் வருவதில்லை, நம் கணக்கிலும் வருவதில்லை. மறுநாள் விடியற்காலையில் மண்டபத்தின் பின்வாசலில் வந்து நிற்கும் தூய்மைப் பணியாளர் அதைத் தம் கைகளால் செலுத்துகிறார்.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கு வகை தடைசெய்யப்பட்டுள்ளன. பட்டியலைப் படித்தால் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியதைப் போல இருக்கும். உணவு மேசை மீது விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் உண்டு. துணியைப் போலவே தோன்றும், ஆனால் நெய்யப்படாத, மணமக்கள் பெயரை அச்சடித்து நாம் தாம்பூலத்துக்குக் கொடுக்கும் அந்தப் பையும் அதில் உண்டு. அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் ஆனது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது, பல வீடுகளில் மஞ்சள் நிறம் மட்டும் வந்து சேர்ந்தது, பருத்தி வரவில்லை. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை உரிமம் பெறாத இடத்தில் நடத்துபவர் மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. தெருவை அடைத்துப் பந்தல் போடும் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருப்போம்?

தரம் பிரிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வாழையிலையே சான்று. தனியாக எடுத்துவைத்தால் அது மாட்டுக்குத் தீவனம், அல்லது சில வாரங்களில் எரு. ஆனால் பந்தி முடிந்ததும் என்ன நடக்கிறது? பாட்டில், மூடி, பாயசக் கிண்ணம், ஐஸ்கிரீம் குவளை, கைதுடைத்த காகிதம் எல்லாவற்றையும் இலைகளோடு சேர்த்து, மேசை விரிப்போடு ஒரே சுருட்டாகச் சுருட்டித் தொட்டியில் போடுகிறார்கள். அந்த நொடியில் இலையும் குப்பையாகிவிடுகிறது. உப்புச் சுவைக்கு வரும் மாடு விரிப்பையும் சேர்த்தே விழுங்குகிறது. விரிப்பே இல்லாமல் மேசையைத் துடைத்து இலை போடுவதுதான் இதற்கு மாற்று. எண்ணிப் பார்த்தால் அது புதிதாக ஒன்றைச் செய்வதுகூட இல்லை.

உணவு வீணாவதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. ஒன்றே ஒன்று சொல்கிறேன். மிஞ்சியதை ஆதரவற்றோர் இல்லங்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். கோவையில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் அந்தப் பணியைச் செம்மையாகவே செய்கின்றன. ஆனால் அவர்களால் எடுத்துச் செல்ல முடிவது அண்டாவில் மிஞ்சியதை மட்டுமே. இலையில் மிஞ்சியதை அல்ல. தேங்காய் சேர்ந்த கூட்டும் சட்னியும் சில மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதால், கடைசிப் பந்தி முடிந்த பிறகு தொலைபேசியைத் தேடுவதிலும் பயன் குறைவு. வகைகளைக் குறைத்து, கேட்டுப் பரிமாறச் சொல்வதே உறுதியான வழி. இலையில் இடமில்லாத அளவுக்கு வைப்பதுதான் மரியாதை என்ற எண்ணம் எப்போது வந்ததோ தெரியவில்லை. சாப்பிடுகிறவரைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா" என்று கேட்பது அதைவிடப் பெரிய மரியாதை.

இனி டம்ளருக்கு வருகிறேன். இந்தத் தலைப்பில் பேசுவோர் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் இடம் இது. அந்தக் காலத்தில் ஊருக்குப் பொதுவாக அண்டாவும் ஜமுக்காளமும் டம்ளர்களும் இருந்தன, எதையும் எறியவில்லை, அந்த வாழ்க்கைக்குத் திரும்புவோம் என்று சொல்வது காதுக்கு இனிமையாக இருக்கும். அந்தப் பொதுவில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் இனிமை குறைந்துவிடும். ஒரு சமூகத்தின் பாத்திரம் இன்னொரு சமூகத்தின் விசேஷத்துக்குப் போகாத ஊர்கள் எத்தனையோ. தேநீர்க் கடைகளில் பட்டியல் சாதியினருக்குத் தனிக் குவளை வைத்த இரட்டைக் குவளைக் கொடுமை நம் மாவட்டங்களில் நடந்ததுதான். அதை எதிர்த்துப் போராட்டங்கள் எழுந்தன. பின்பு எறியும் குவளை வந்தபோது, சில ஊர்களில் சிலருக்குக் கண்ணாடிக் குவளையும் சிலருக்கு எறியும் குவளையும் என்று அதே பாகுபாடு வேறு உருவம் எடுத்தது. வேறு சில ஊர்களில் எல்லோருக்கும் எறியும் குவளையே என்றாகி, பாகுபாடு ஒழியாமலே கண்ணுக்கு மறைந்தது. ஆகையால் எவர்சில்வர் டம்ளரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லும்போது, யார் குடித்தது என்று கேளாமல் கழுவிக் கவிழ்த்து, அடுத்தவர் எடுத்துக் குடிக்கும் ஒரே வரிசை டம்ளரைத்தான் சொல்கிறேன். அந்த ஒரே வரிசைக்கு மனம் ஒப்பாதவர் சூழலைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அதில் ஈடுபாடில்லை.

அப்படிப்பட்ட பொதுப் பாத்திரங்களை யார் வைத்துக்கொள்வது? கேரளத்தில் 2015-இல் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, அங்குள்ள அரசுத் தூய்மை அமைப்பான சுசித்வ மிஷன் பசுமை நெறிமுறை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, எறியும் தட்டுக்கும் குவளைக்கும் பதிலாகக் கழுவிப் பயன்படுத்தும் கலங்களை வைத்தது. பின்னர் அந்த முறை திருமணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் பரவியது. நம் ஊராட்சிகளும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஐந்நூறு டம்ளர், ஐந்நூறு கிண்ணம் என்று வாங்கி வாடகைக்கு விட்டால், அதில் வருமானமும் உண்டு. பாத்திரம் சாதியின் சொத்தாக இல்லாமல் ஊராட்சியின் சொத்தாக இருப்பது கூடுதல் நன்மை.

எளிய திருமணம் நமக்குப் புதிதல்ல. உறவினரும் நண்பரும் சூழ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் தாலி கட்டினாலும் திருமணம் செல்லும் என்று, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது அண்ணா ஆட்சியின் 1967ஆம் ஆண்டுத் திருத்தம். கடன்பட்டுக் கல்யாணம் செய்யாதீர்கள் என்று பெரியார் மேடைதோறும் சொல்லி வந்ததன் நீட்சி அது. இன்று சுயமரியாதைத் திருமணத்துக்கும் தெருவை மறைக்கும் அளவுக்குப் பதாகை வைக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு திருமண வரவேற்புப் பதாகை சரிந்து விழ, இரு சக்கர வண்டியில் வந்த இளம்பெண் நிலைதடுமாறி, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். அதன் பிறகும் நாம் பதாகைக்குத் தனியாகப் பணம் ஒதுக்குகிறோம்.

தாம்பூலத்துக்குப் பதிலாக மரக்கன்று கொடுப்பதைப் பற்றிப் பலர் கேட்பீர்கள். நல்லதுதான், ஆனால் அடுக்குமாடி வீட்டுக்காரரிடம் கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் புங்கங்கன்று ஒன்றைக் கொடுத்தால் அது பால்கனியில் காயும். அவரவர் இடம் அறிந்து கொடுக்க முடியாவிட்டால் பருத்திப் பையில் தேங்காயே போதும்.

பட்டாசைக் கைவிடச் சொன்னால் பிள்ளைகள் ஏற்க மாட்டார்கள் என்பார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசலில் பார்க்கும் நாரைக்காக விட்டுக்கொடுப்பது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கலாம்; நமக்கோ பக்கத்து வீட்டு ஆஸ்துமாக்காரர் இருக்கிறார்.

அன்றாட வாழ்க்கையைத் தனித் தலைப்பாக நான் பார்க்கவில்லை. உணவகத்தில் பொட்டலம் வாங்கப் போகும்போது சாம்பாருக்குத் தூக்குவாளி எடுத்துச் செல்கிறவர் வீட்டுக் கல்யாணத்தில், டம்ளர் வேண்டும் என்று கேட்க யாரும் தயங்க மாட்டார்கள். பழகாதவருக்கு அன்று ஒருநாள் மட்டும் அது வேடமாகத் தோன்றும்.

கடைசியாக ஓர் ஐயத்துக்கு விடை சொல்ல வேண்டும். கழுவத் தண்ணீர் ஆகாதா, ஆள் கூலி ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். பாட்டிலுக்கும் விரிப்புக்கும் பதாகைக்கும் கொடுப்பதைக் கழுவுபவருக்குக் கொடுங்கள். அவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஈரத் தரையில் குந்தி, இரவு பதினொரு மணிக்குக் குழம்பின் அடியைச் சாப்பிடுகிறவர்கள். எத்தனை பேர், என்ன கூலி, கழுவ மேடை உண்டா, எந்தப் பந்தியில் சாப்பிடுவார்கள் என்பதையும், இலைக்கு இத்தனை ரூபாய் என்று எழுதும் அதே தாளில் எழுதி ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.