நான் சரியாகத்தானே ஆடினேன்?

சபையாருக்கு என் ஸ்தோத்திரம்.

வாலிபர் கூடுகையில் சாட்சி சொல்லும்படி நம் போதகர் ஐயரவர்கள் கேட்டபோது, போக்கர் என்ற சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசலாமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இரட்சிப்பைப் பற்றியும் பேசுவீங்கன்னா பேசுங்க தம்பி" என்றார்கள். எனக்கு இரண்டும் ஒரே பேச்சாகத்தான் இருந்துவந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழைந்ததே இல்லை. அம்மா விட மாட்டார்கள். ஆனால் ஓய்வுநாள் பள்ளியில் நான் ஒப்பித்த வசனங்களில் ஒன்று, "சீட்டு மடியிலே போடப்படும்; காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்பது. நீதிமொழிகள் 16:33. இந்தச் சொல் நம் வேதாகமத்தில் எத்தனை இடத்தில் வருகிறது பாருங்கள். கப்பலில் போட்ட சீட்டு யோனாவின் பேருக்கு விழுந்தது. யூதாசின் இடத்துக்கு ஆள் தேடியபோது சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது. சிலுவையின் அடியில் சேவகர்கள் சீட்டுப் போட்டார்கள். அது வேறு சீட்டு, இது வேறு சீட்டு என்று பெரியவர்கள் விளக்கினாலும் ஒரு பையனின் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். யாருக்கு எது விழும் என்பதை யார் தீர்மானிக்கிறார் என்ற கேள்வி எனக்குள் அங்கேதான் தொடங்கியது.

வேலைக்காகப் பெங்களூர் போன பிறகு ஆடக் கற்றேன். சனிக்கிழமை இரவு, நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசை, ஆறேழு பேர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டெக்சாஸ் ஹோல்டெம் என்ற வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகளைக் கவிழ்த்துத் தருவார்கள். உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்ப்போம். பிறகு மேசை நடுவில் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கும். முதல் மூன்றும் சேர்த்து ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். கட்டத்துக்குக் கட்டம் பந்தயம் ஏறும். கடைசியில் யாருடைய சீட்டுச் சேர்க்கை உயர்ந்ததோ அவருக்கு நடுவில் சேர்ந்த பணம். தேறிய ஆட்டக்காரர் நம்புவது கணக்கை. நடுவில் 900 ரூபாய் கிடக்கிறது, தொடர்ந்து ஆட நீங்கள் 100 போட வேண்டும் என்றால், பத்துக்கு ஒரு முறை ஜெயித்தாலே கையைக் கடிக்காது. இப்படி ஓயாமல் மனதுக்குள் கணக்கு ஓடும்.

ஒரு இரவு எனக்கு இரண்டு ஏஸ் விழுந்தன. சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை வருகிற கை அது. எதிரில் இருந்தவரிடம் இரண்டு ராஜா, ஏஸுக்கு அடுத்த ஜோடி. இருவரும் முன்னால் இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டோம், ஆல் இன். சீட்டுகளைத் திறந்து வைத்தாயிற்று. நான்கு பொதுச் சீட்டுகள் விழுந்தும் நான்தான் முன்னால். நாங்கள் பார்க்காத 44 சீட்டுகளில் அவரைக் காப்பாற்றக்கூடியவை மிச்சமிருந்த இரண்டு ராஜாக்கள் மட்டும்; மூன்று ராஜா சேர்ந்தால் இரண்டு ஏஸை வென்றுவிடும். ரிவரில் ராஜா விழுந்தது.

பக்கத்திலிருந்த அண்ணன் ஒருவர் தோளில் தட்டி, "நீ சரியாத்தான் ஆடினே, விடு" என்றார். போக்கர் மேசையில் ஆறுதல் என்றால் இதுதான். அது பொய்யும் அல்ல. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடினால் சரியான ஆட்டத்துக்கு உரிய பலன் பெரும்பாலும் வந்து சேரும். ஒரு இரவில் தோற்றதைப் பெரிதாக எடுக்கக் கூடாது. இந்த எண்ணம் என்னோடு கோவிலுக்கும் வந்தது. அங்கேதான் அது விஷமானது.

என் அப்பா சபை மூப்பராக இருந்தவர். நன்றாக ஜெபிப்பார். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. நான் உபவாசம் இருந்தேன். தசமபாகம் ஒரு மாதமும் தவறியதில்லை. மாதங்கள் போயின. ஒரு நாள் முழங்காலில் நின்றபோது என் வாயிலிருந்து வந்த ஜெபம் இதுதான்: "நான் சரியாகத்தானே ஆடினேன்?"

அந்த வாக்கியத்தை எனக்கு முன்பே ஒருவன் சொல்லியிருக்கிறான். கெட்ட குமாரன் திரும்பி வந்த நாளில் வயலிலிருந்து வந்து வெளியிலேயே நின்றானே, மூத்தவன். இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேன், ஒரு கட்டளையையும் மீறவில்லை, ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட நீர் தரவில்லை என்கிறான். அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கணக்கெல்லாம் சரி. அந்தச் சரியான கணக்குதான் அவனை வீட்டுக்குள் நுழையவிடாமல் வாசலில் நிறுத்தியது.

போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்று நம் நாட்டில் நீதிமன்றம் வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்றது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையானாலும் சரி அதிர்ஷ்டமானாலும் சரி, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் கூடாது என்றது. நானும் தேவனிடத்தில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும் என்று தோன்றவில்லை.

இந்த இடத்தில் எனக்கு உதவியவர், சூதாட்டக் கணக்கை நமக்குத் தந்த மனிதர்களில் ஒருவர். 1654-ம் ஆண்டு, பாரிஸ். பிளேஸ் பாஸ்கலுக்கு அப்போது 31 வயது. சூதாட்டத்தில் நாட்டமுள்ள ஒரு கனவான் அவரிடம் பழைய புதிர் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு பேர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகிறார்கள், முதலில் மூன்று சுற்று ஜெயிப்பவருக்கு எல்லாம். ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் ஜெயித்த நிலையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. காசை எப்படிப் பிரிப்பது? பாஸ்கல் சொன்னார்: அடுத்த சுற்றில் முதல்வர் ஜெயித்தால் 64-ம் அவருக்கு, தோற்றால் இருவரும் சமம், ஆளுக்கு 32. ஆக 32 எப்படியும் அவருடையது. மீதி 32-இல் பாதி அவருக்குச் சேரும். எனவே 48, 16. ஜூலை முதல் அக்டோபர் வரை துலூஸ் நகரிலிருந்த கணித அறிஞர் ஃபெர்மாவோடு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். நான் 100 ரூபாய் போடலாமா என்று பார்த்த கணக்கின் வேர் அந்தக் கடிதங்களில் இருக்கிறது.

அதே வருஷம் நவம்பர் 23, இரவு ஏறக்குறைய பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை அந்த மனிதருக்கு என்னவோ நேர்ந்தது. ஒரு தாளில் எழுதி வைத்தார். "நெருப்பு" என்று ஒரு சொல். தத்துவ அறிஞர்களின் தேவன் அல்ல, ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று எழுதினார். ஆனந்தக் கண்ணீர் என்றும் இருக்கிறது. அதை யாருக்கும் காட்டாமல் தன் சட்டையின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார். 1662-இல், 39 வயதில் அவர் இறந்த பிறகு வேலைக்காரர் ஒருவர் கையில் அது அகப்பட்டது.

பாஸ்கல் பெயரைச் சொன்னால் எல்லோரும் பேசுவது அவருடைய பந்தயத்தைத்தான். அவர் மறைந்த பிறகு 1670-இல் வெளிவந்த குறிப்புகளில் அது இருக்கிறது. தேவன் உண்டென்று பந்தயம் வை, ஜெயித்தால் முடிவில்லாத வாழ்வு, தோற்றால் இழப்பது அற்பம் என்பார். ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது, கப்பல் ஏறியாயிற்று என்பார். எங்கள் பாஷையில் சொன்னால், ஃபோல்ட், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகிக்கொள்வது, இல்லாத மேசை. அந்தக் கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் படித்து முடித்தபோது என் விசுவாசம் ஒரு கடுகளவும் கூடவில்லை. பாஸ்கலுக்கும் இது தெரியும். அதே பக்கங்களில் எதிராளி, என்னால் நம்ப முடியவில்லையே, நான் என்ன செய்ய என்று கேட்கிறான். அவனை அவர் மேலும் கணக்குப் போடச் சொல்லவில்லை. விசுவாசிகள் நடந்த வழியில் நீயும் நட என்கிறார். சட்டைக்குள் இருந்த தாளில் கணக்கே இல்லை, தம்பிகளே. அவருக்குக் கிடைத்தது பந்தயத்தில் ஜெயித்ததல்ல.

யோவான் 19-ஐத் திரும்ப எடுத்துப் படியுங்கள். நான்கு சேவகர்கள். வஸ்திரங்களை நாலு பங்காக்கிவிட்டார்கள். அங்கி மட்டும் தையலில்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவு, கிழிக்க மனமில்லை. சீட்டுப் போட்டார்கள். ஒருவன் ஜெயித்தான். போக்கர் மேசையிலும் ஒருவருடைய குவியல் உயர்ந்தால் இன்னொருவருடையது குறையும். அந்த அங்கியை எடுத்துக்கொண்டு அவன் எங்கே போனான் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அவனுக்கு மேலே, பக்கத்துச் சிலுவையில் ஒருவன் தொங்கிக்கொண்டிருந்தான். வைக்க அவனிடம் ஒன்றும் இல்லை. இனிமேல் சரியாக ஆட நேரமும் இல்லை. என்னை நினைத்தருளும் என்று கேட்டான், அவ்வளவுதான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வார்த்தை அவனுக்குக் கிடைத்தது.

அப்பா இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தார். முப்பது வருஷம் சபைக்காக ஜெபித்தவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல், "ஸ்தோத்திரம்." தண்ணீர் வேண்டுமானாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், என்னைக் கண்டாலும் அதுதான். எதற்கு இந்த ஸ்தோத்திரம் என்று நான் கோபப்பட்டிருக்கிறேன். ஒரு ஞாயிறு மாலை ஐயரவர்கள் வீட்டுக்கே வந்து அவருக்குத் திருவிருந்து கொடுத்தார்கள். வலது கை எழும்பாது. நான் தாங்கிப் பிடிக்கப் போனேன். அதற்குள் அப்பா இடது கையை மெதுவாகத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க நீட்டினார். அப்பம் வந்து விழும்வரை அந்தக் கை நடுங்கிக்கொண்டே திறந்திருந்தது.